காற்றா, கம்பியா?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை என் கண்ணைவிட என் இடுப்பு நன்றாக அறியும். சுமார் 45 கிலோமீட்டர். ஓ.டி. என்று நாங்கள் சொல்லும் கடலூர் பழைய நகரத்தைத் தாண்டியதும் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன நெடி, அப்புறம் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம், சிதம்பரம். விதை கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த காலத்தில் அந்தச் சாலையும், அதிலிருந்து பிரிந்து வயல்களுக்குள் நுழையும் கிளைச் சாலைகளும்தான் எனக்கு அலுவலகம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தூவிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த மார்கழி, தை மாதங்களில் என் ஸ்பிளெண்டரின் பின்சீட்டில் உளுந்து மூட்டை உட்கார்ந்திருக்கும். மற்ற மாதங்களில் நானும் ஒரு தோல்பையும் ஒரு கட்டு நோட்டீசும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மனைவியும் மகளும். ஒரே வண்டி, நாளுக்கொரு பாரம்.

ரயிலில் போயிருக்கலாமே என்று கேட்கலாம். விழுப்புரம்–மயிலாடுதுறை மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்குவதற்காகச் சில ஆண்டுகள் ரயிலே ஓடவில்லை. 2010-இல் ரயில் திரும்ப வந்தது. எனக்கு அதனால் லாபமில்லை. ரயில் புவனகிரிக்கும் போகாது, காட்டுமன்னார்கோயிலுக்கும் போகாது.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் அடித்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள். சாய்ந்த மரங்களை இழுத்துப் போட்ட பொக்லைன்கள் கிராமத்துச் சாலைகளின் தாரையும் சேர்த்துப் பெயர்த்ததை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு முழுக்க அந்தக் குழிகளில்தான் என் பிழைப்பு. வண்டியின் பின்பக்க ஷாக்கப்சரில் ஆயில் கசிந்து, அதன்மேல் புழுதி ஒட்டி, கறுப்புப் பசையாக வழிந்தது. ஒவ்வொரு குழிக்கும் முதுகுத் தண்டில் ஒரு 'டக்'.

ஓ.டி.யில் துறைமுகத்துக்குப் போகும் வழியில் மெக்கானிக் பாயின் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. பரங்கிப்பேட்டைக்காரர். மீன் கூடை ஏற்றும் டிவிஎஸ் எக்ஸெல் வண்டிகள்தான் அவருக்குப் பெரும்பாலான வாடிக்கை. ஐஸும் மீனும் உப்புத் தண்ணீரும் சொட்டிக்கொண்டே ஓடுகிற அந்த வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பாய்க்கு, ஷாக்கப்சர் விஷயத்தில் ஒரு டாக்டர் பட்டமே கொடுக்கலாம்.

என் வண்டியை சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கச் சொன்னார். சீட்டின் பின்முனையில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தி, சட்டென்று விட்டார். வண்டி மேலே வந்தது, கீழே போனது, மறுபடி மேலே, மறுபடி கீழே.

"ஒரு தடவ மேல வந்து அப்படியே நிக்கணும் சார். இது தொட்டில் ஆடுது. உள்ள ஆயில் இல்ல. ஸ்பிரிங்கும் உக்காந்துடுச்சு."

என்ன போடலாம் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது. நான் ஏற்கெனவே மனசுக்குள் ஒரு முடிவோடு போயிருந்தேன். பூச்சிமருந்து கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், என் கூட்டாளி, அதற்குச் சில வாரங்கள் முன்பு சென்னை புதுப்பேட்டைக்குப் போய், பழைய வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றிய ஒரு ஜோடி 'ஏர் ஷாக்' வாங்கி வந்து தன் வண்டியில் மாட்டியிருந்தார். சுருள் கம்பியே வெளியில் தெரியாது. பளபளவென்று இரண்டு குழாய். பக்கத்தில் டயருக்கு இருப்பதுபோல ஒரு வால்வு மூக்கு. அவர் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். தனியாகப் போனபோது, பொய் சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது. சின்னச் சின்ன அதிர்வுகள் காணாமலே போயின. 'இனி காற்றுதான்' என்று நினைத்தேன்.

பாயிடம் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. சுவரில் சாய்த்திருந்த சைக்கிள் பம்பை எடுத்து என் கையில் கொடுத்தார். குழாயின் நுனியைத் தன் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு, "அழுத்துங்க சார்" என்றார். முதலில் லேசாக இறங்கியது. பாதி வந்ததும் கடினமானது. அதற்குமேல் என் முழு எடையைப் போட்டும் அங்குலம் இறங்கவில்லை. பிறகு என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பிரித்து, உள்ளேயிருந்த சின்ன ஸ்பிரிங்கை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அமுக்கச் சொன்னார். தொடக்கம் முதல் கடைசி வரை எதிர்ப்பு ஒரே சீராக ஏறியது. பேசாமல் பேனாவை மறுபடி பூட்டிக் கொடுத்தார்.

காற்று அமுங்க அமுங்க அதன் எதிர்ப்பு வரவர வேகமாக ஏறும். சுருள் கம்பி, எத்தனை மில்லிமீட்டர் அமுக்குகிறோமோ அதற்கு நேர் விகிதத்தில் எதிர்க்கும். காற்றின் இந்தக் குணம் நல்லதுக்கும் ஆகும்: சிறு மேடுகளில் மிருதுவாக இருந்து, பெரிய குழியில் அடிதட்டாமல் காப்பாற்றும். கெட்டதுக்கும் ஆகும்: பாரம் ஏற்றியதும் அது முதல் பாதியைத் தின்றுவிட்டு, கடினமான மறுபாதியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு சின்னக் கல்லும் முதுகில் தெரியும். காற்றை ஏற்றினால் சரியாகும். ஆனால் மூட்டையை இறக்கியதும் காற்றையும் இறக்க வேண்டும்.

"மூட்டை ஏத்தும்போது பம்பு அடிப்பீங்களா? இறக்கும்போது காத்தப் புடுங்குவீங்களா?" என்று பாய் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஷாக்கப்சர் என்ற ஒற்றைப் பெயருக்குள் இரண்டு ஆசாமிகள் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். கடைக்காரர்களே பலர் இதைக் குழப்புகிறார்கள். பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். அது கம்பியாகவும் இருக்கலாம், அடைத்த காற்றாகவும் இருக்கலாம். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் துள்ளாமல் அடக்குவது உள்ளேயிருக்கும் ஆயில். ஒரு பிஸ்டனின் சின்னத் துளைகள் வழியே ஆயில் நெருக்கியடித்துப் போகும்போது துள்ளலின் சக்தி சூடாக மாறிக் கரைகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி தொட்டில். ஆயில் மட்டும் இருந்தால் வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். என் வண்டியில் இரண்டுமே போயிருந்தன.

'கேஸ் ஷாக்' என்று ஒன்று அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. பஜாஜ் பல்சருக்கு 'நைட்ராக்ஸ்' என்று பெயர் சூட்டி, பக்கத்தில் சின்ன டப்பா வைத்த ஷாக்கப்சரைப் போட்டு விற்றார்கள். கல்லூரிப் பையன்களுக்கு அந்த டப்பாதான் வண்டி. கேஸ் என்றால் காற்றில் மிதக்கிறது என்று நானும் நம்பியிருந்தேன். பாய் பட்டறையில் நின்ற ஒரு பல்சரைக் காட்டினார். கேஸ் டப்பாவுக்குக் கீழே, வெட்ட வெளிச்சமாக, தடித்த சுருள் கம்பி.

"இதுவும் கம்பியிலதான் நிக்குது சார். கேஸு வண்டியத் தூக்கல. ஆயிலத்தான் பாத்துக்குது."

குண்டும் குழியுமான சாலையில் பிஸ்டன் ஓயாமல் மேலும் கீழும் ஓடினால், உள்ளே ஆயிலும் காற்றும் கலந்து கடைந்த மோர் மாதிரி நுரைத்துவிடும். நுரைத்த ஆயிலுக்கு எதிர்ப்பு இல்லை. துளை வழியே வழுக்கிக்கொண்டு ஓடும். ஆயிலின்மேல் நைட்ரஜனை அழுத்தி அடைத்துவிட்டால் குமிழி கிளம்புவது குறைகிறது. பிரான்சில் தெ கார்போன் என்ற பொறியாளர் 1950-களிலேயே காருக்குச் செய்த வேலை இது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கின் பின்பக்கத்தில் 'கேஸ் சார்ஜ்டு' என்று போட்டிருந்ததும் இதே சங்கதிதான், சுமக்கிறது கம்பியே. ஆக, கடையில் 'ஆயிலா, கேஸா' என்று கேட்பது ஒரு கேள்வி, 'கம்பியா, காற்றா' என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கி விலையை ஏற்றுகிற கடைகள் உண்டு.

என் கூட்டாளியின் ஏர் ஷாக்குக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ஐப்பசி மழை. இருவரும் சிதம்பரத்தில் ஒரு வியாபாரிகள் கூட்டத்துக்குச் சேர்ந்து கிளம்பினோம். ஆலப்பாக்கம் வரை பேசிக்கொண்டே போனோம். புதுச்சத்திரம் வருவதற்குள் அவர் பின்தங்கிவிட்டார். திரும்பிப் போய்ப் பார்த்தால், வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சரிந்து, மட்கார்டு டயரோடு உரசிக்கொண்டிருந்தது. ஒரு குழாயில் காற்று முழுக்கப் போயிருந்தது. பக்கத்துப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கேதான் வேடிக்கை. பஞ்சர் கடை கம்ப்ரஸரின் குழாயை மாட்டியதும் வண்டி விருட்டென்று எழுந்தது. குழாயை எடுத்ததும் புஸ்ஸென்று பாதி இறங்கியது. மறுபடி மாட்டினால் இரும்பாக விறைத்தது.

அது பஞ்சர் கடைக்காரரின் குற்றமில்லை. ஒரு பைக் ஏர் ஷாக்குக்குள் இருக்கும் காற்றின் கொள்ளளவு மிகச் சிறிது. அழுத்தம் அதிகம், அளவு கொஞ்சம். வால்விலிருந்து குழாயைப் பிடுங்கும் நொடியில் போகிற காற்றே அழுத்தத்தைப் பாதியாக்கப் போதும். அதற்கென்று தனியாகக் கையடக்கப் பம்பும், அதிலேயே துல்லியமான கேஜும் வேண்டும். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அப்படியொன்றைப் பையில் வைத்திருப்பார்கள். பூச்சிமருந்துப் பிரதிநிதியின் பையில் அது இருக்க நியாயமில்லை. அன்று அவர் என் வண்டியில் ஏறிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் அவர் பேசியது ஒன்றும் என் நினைவில் இல்லை. வழியெல்லாம் புதுப்பேட்டையைத் திட்டியது நினைவிருக்கிறது.

காற்றை அடைத்து வைக்கும் ரப்பர் சீல் ஏன் போனது என்பதற்கும் பாயிடம் விடை இருந்தது. உப்பு. கடலோர ஊரில் ஷாக்கப்சர் தண்டின் குரோமியப் பூச்சில் ஊசிமுனை அளவில் துரு பிடிக்கும். தண்டு ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் அந்தத் துருப்பொட்டு ரப்பர் சீலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். சுருள் கம்பி வண்டியில் சீல் போனால் ஆயில் கசியும், வண்டி ஆடும். ஆனாலும் வீடு வந்து சேரலாம். காற்று வண்டியில் சீல் போனால் சுமக்கிறவனே போய்விடுகிறான். மீன் கொண்டுபோகிறவர்கள் ஏன் ஒருவர்கூட ஏர் ஷாக் கேட்டு வருவதில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நடுவழியில் நின்றால் அவர்களுக்கு அன்றைய மீன் போச்சு.

அப்படியானால் காற்று வேண்டவே வேண்டாமா? இல்லை. அதே ஆண்டுகளில் பெங்களூருக்கு அலுவலகக் கூட்டங்களுக்குப் போகும்போது வால்வோ பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். 2001-இல் இந்தியாவுக்கு வந்த அந்த பஸ்கள் நம்முடைய தொலைதூரப் பயணத்தையே மாற்றின. கேட்டால் பலர் ஏசியைச் சொல்வார்கள், நான் தரைக்குக் கீழே இருக்கும் ரப்பர் காற்றுப்பைகளைச் சொல்வேன். கடலூர்–சிதம்பரம் தடத்தில் ஓடிய எந்த பஸ்ஸிலும், அரசு பஸ்ஸானாலும் தனியார் பஸ்ஸானாலும், அப்போது நான் பார்த்தது அடுக்கடுக்கான இரும்புப் பட்டைதான். என் தாத்தா காலத்து மிராசுதார்களின் வில்வண்டியில் இருந்த அதே சாதி, அளவில்தான் பெரிது.

பட்டையின் குணத்தை பஸ் பயணிகள் எல்லோரும் அறிவார்கள், காரணம் தெரியாமலே. காலி பஸ் தூக்கித் தூக்கிப் போடும். கூட்டம் ஏறி, படியில் தொங்க ஆரம்பித்ததும் அதே பஸ் அதே சாலையில் படகு மாதிரி போகும். முழுப் பாரத்தைத் தாங்கும் கணக்கில் பட்டையை அடுக்கியிருக்கிறார்கள். காலியாக இருக்கும்போது அது தேவைக்கு மேல் கடினம். பஸ்ஸின் பாரம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் மாறுகிறது. ஓ.டி.யில் எழுபது பேர், புதுச்சத்திரத்தில் நாற்பது, சிதம்பரம் எல்லையில் இருபது. எந்த ஒரு இரும்புப் பட்டையும் இந்த மூன்றுக்கும் பொருந்தாது.

காற்றுக்கு இங்கேதான் வேலை. காற்றுப்பை வைத்த பஸ்ஸில் அச்சுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி நெம்பு இருக்கும். ஆட்கள் ஏறி பஸ் தாழ்ந்தால் அந்த நெம்பு ஒரு வால்வைத் திறக்கும். ஏர் டாங்கியிலிருந்து காற்று பைக்குள் போகும். பஸ் பழைய உயரத்துக்கு வரும். ஆட்கள் இறங்கினால் அதே வால்வு காற்றை வெளியே விடும். டிரைவர் எதையும் தொட வேண்டாம். இதற்காகத் தனியாக கம்ப்ரஸர்கூட வேண்டாம், ஏர் பிரேக்குக்கென்று இன்ஜினோடு ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. (நிறுத்தத்தில் பஸ் விடும் 'புஸ்' காற்றுப்பையின் சத்தம் என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். அது அநேகமாக பிரேக்கின் சத்தம். பட்டை வைத்த பஸ்ஸும் அப்படித்தான் புஸ் விடும்.)

ரயிலிலும் இதே கணக்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-இலிருந்து கட்டிய நீலப் பெட்டிகளும் பழுப்புப் பெட்டிகளும் இரண்டடுக்குச் சுருள் கம்பியில் நிற்பவை. அச்சுப்பெட்டியின்மேல் ஓரடுக்கு, போகியின் நடுவில் ஓரடுக்கு. முன்பதிவுப் பெட்டியில் எத்தனை பேர் என்பது ஏறத்தாழ நிச்சயம், கம்பி போதும். சென்னைப் புறநகர் மின்சார ரயிலில் காலை எட்டரைக்கு மனிதர்கள் அடைந்து நிற்பதற்கும் நடுப்பகலில் நாலு பேர் படுத்துக்கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்பியால் சமாளிக்க முடியவில்லை; அங்கே காற்றுப்பை வந்தது. அதே தொழிற்சாலை பின்னால் கட்டிய வந்தே பாரத்திலும் காற்றுப்பைதான்.

ஆக, காற்று கேட்பது இரண்டு விஷயங்கள்: மாறிக்கொண்டே இருக்கும் பாரம், கூடவே ஓடும் ஒரு கம்ப்ரஸர். என் ஸ்பிளெண்டருக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. பாய் இதை இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. "பஸ்ஸுக்கு டாங்கி இருக்கு சார், உங்களுக்கு எங்க இருக்கு?" என்றார், அவ்வளவுதான்.

பாரம் மாறுவதற்கு என் வண்டியில் வேறொரு ஏற்பாடு இருந்ததை அன்றுதான் கவனித்தேன், அத்தனை ஆண்டுகள் ஓட்டியும். சுருள் கம்பியின் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம். அதை ஸ்பேனரால் திருப்பினால் கம்பி ஒரு படி மேலே தள்ளப்படும். மூட்டை ஏற்றும் மாதத்தில் கடைசிப் படி, மற்ற மாதத்தில் முதலிரண்டு படி. இதைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகும் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கடினம் மாறுவதில்லை. பாரத்தில் தாழ்ந்துபோன பின்பக்கம் பழைய உயரத்துக்கு வருகிறது, அமுங்குவதற்கு இடம் மறுபடி கிடைக்கிறது; அதனால் அடிதட்டுவது நிற்கிறது.

கடினத்தை உண்மையாகவே மாற்றுவது கம்பியின் தடிமன். என் வாடிக்கை விவசாயி ஒருவரின் மகன் அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தான். திண்ணையில் உட்கார்ந்து நோட்டீசின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். ஸ்பிரிங்கின் கடினம் கம்பித் தடிமனின் நான்காம் படிக்கு ஏற்ப ஏறுகிறது. சுற்றுகளின் எண்ணிக்கையும் சுருளின் அகலமும் மாறாமல், 7 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால் கடினம் ஏறக்குறைய 70 சதவீதம் கூடும். ஒரே ஒரு மில்லிமீட்டர்! 'கொஞ்சம் ஹெவியா போட்டுடலாம்ணே' என்று கடைக்காரர் எடுத்து நீட்டும் சிவப்பு ஸ்பிரிங்கை அதன்பிறகு நான் தொடவே பயந்தேன். மூட்டை ஏற்றும் இரண்டு மாதத்துக்காக அதை மாட்டினால் மீதிப் பத்து மாதமும் கட்டை வண்டியில் போனதுபோல இருக்கும்.

அந்தச் சமயத்தில் கனடாவிலிருந்து என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் பேசினான். அவன் இருந்தது கியூபெக் பக்கம். பனிக்காலத்தில் வாடகைக்கு ஸ்னோமொபைல் எடுத்து ஓட்டுவது அங்கே ஒரு பைத்தியம்; ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்பவர் 1959-இல் ஸ்கி-டூ என்ற சின்னப் பனிவண்டியை விற்க ஆரம்பித்ததே அந்த மாகாணத்தின் வால்கூரில்தான். இவன் சொந்தமாகவே ஒன்று வாங்கப் போகிறானாம். ஏர் ஷாக் வைத்ததா, காயில் (சுருள் கம்பி) ஷாக் வைத்ததா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கே வால்கூர், எங்கே புதுச்சத்திரம்.

ஆனால் அவன் சொன்ன காரணங்கள் சிரிப்பதற்கானவை இல்லை. காற்று ஷாக் எடை குறைவு. ஆழமான பனியில் வண்டியை உடம்பால் சாய்த்து ஓட்டுகிறவனுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. தன் எடைக்கு ஏற்பப் பம்பால் மாற்றிக்கொள்ளலாம், வேறு ஸ்பிரிங் வாங்க வேண்டாம். பாய்ந்து விழும்போது அடிதட்டாது. ஆனால் குளிர் அதன் எதிரி. 25 டிகிரி இருக்கும் கொட்டகைக்குள் 100 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டு, மைனஸ் 20-இல் வெளியே எடுத்தால், ஒரு மூச்சுக் காற்றும் கசியாமலே அது 83 பக்கம் வந்துவிடும். நெடுந்தூரம் குலுங்கி ஓடினால் சூடேறி மறுபடி கூடும். கம்பிக்கு இந்த நோயெல்லாம் இல்லை. நாள் முழுக்கத் தடத்திலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் காயிலையே கேட்பார்களாம்.

பாயிடம் இதைச் சொன்னேன். அவருக்குப் பனியில் வண்டி ஓட்டுவதே அதிசயமாக இருந்தது. "அங்க குழி ஏது சார்?" என்றார். வண்டிகள் ஓடி ஓடிப் பனித்தடத்தில் அலை அலையாக மேடு பள்ளம் விழும் என்று அவன் சொன்னதைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம ரோடுதான்" என்று முடித்தார். பிள்ளை கடைசியில் காயில்தான் வாங்கினான். பாயின் கருத்தையும் அவனுக்குச் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் வாங்கினான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை.

என் வண்டிக்கு வருகிறேன். பாய் ஸ்பிரிங்கை மாட்டுவதற்கு முன் இரண்டு வேலை செய்தார். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினார். 'டக்' சத்தத்தில் பாதி அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அடுத்தது டயர். கேஜை வைத்துப் பார்த்தால் கம்பெனி சொன்ன அளவைவிட மிகக் கூடுதல். மூட்டை ஏற்றுகிறோமே என்று நான் அடித்து வைத்திருந்த காற்று.

"ஏர் ஷாக் வேணும்னீங்களே சார். இதோ ரெண்டு இருக்கு. மொதல்ல இதுல காத்தச் சரியா வைங்க."

1888-இல் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்ததே குலுக்கல் குறையத்தான். நாம் எல்லோரும் ஏற்கெனவே காற்றின்மேல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது, பாய் சொல்லும் வரை எனக்கு உறைக்கவில்லை.

பிறகு புது ஷாக்கப்சர் ஜோடி: வண்டி கம்பெனியின் அசல் அளவு, சாதாரண ஆயில், சாதாரணச் சுருள் கம்பி. மாட்டிய பின் என்னை ஏறி உட்காரச் சொல்லி, அச்சிலிருந்து சீட்டின் அடி வரை டேப்பால் அளந்தார்; இறங்கச் சொல்லி மறுபடி அளந்தார். மொத்தம் அமுங்கக்கூடிய தூரத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே வண்டி தாழ வேண்டும், அதைவிடத் தாழ்ந்தால் ஒரு படி ஏற்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. மோட்டார்பந்தயக்காரர்கள் இதே அளவையைத்தான் பெரிய பெயர் வைத்துச் செய்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். பாய் அதை எங்கும் படித்தவரில்லை.

அந்த ஷாக்கப்சர்கள் 2015 நவம்பர் வெள்ளம் வரை ஓடின. வெள்ளத்தில் வண்டி முழுக்க மூழ்கிக் கிடந்ததால் மாற்ற வேண்டி வந்தது. மாற்றியதும் அதே மாதிரிதான். பரங்கிப்பேட்டைப் பக்கம் போய்விட்டு வந்தால் ஷாக்கப்சர் தண்டை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து வைப்பேன். அந்தப் பழக்கத்தையும் பாய்தான் ஏற்படுத்தினார். இப்போது அந்தத் தடம் நான்குவழிச் சாலையாகிவிட்டது. கிளைச் சாலைகள் அப்படியேதான் இருக்கின்றன.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். பஸ்ஸுக்குக் காற்று. டவுன் பஸ்ஸுக்கும் கிராமத்து பஸ்ஸுக்கும்கூட அது வர வேண்டும். 2024-இல் சென்னையில் விட்ட தாழ்தள பஸ்கள் நிறுத்தத்தில் ஒரு பக்கமாகத் தாழ்ந்து முதியவர்களை ஏற்றிக்கொள்வது காற்றுப்பை இருப்பதால்தான். முட்டி தேய்ந்த ஒரு பாட்டி புதுச்சத்திரத்தில் பஸ் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, அது ஏன் சென்னையோடு நிற்கக்கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் நானும் ஓட்டும் இருசக்கர வண்டிக்குக் கம்பி. இணையத்தில் வால்வு மூக்கோடு பளபளக்கும் ஏர் ஷாக் இன்று புதுப்பேட்டைக்குப் போகாமலே வீட்டுக்கு வந்துவிடும். கையில் அதற்கான பம்பும், தினமும் அளந்து பார்க்கும் பொறுமையும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் முதலில் டயர் காற்றைப் பாருங்கள், அப்புறம் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். அதற்குமேலும் வண்டி ஆடினால், உங்கள் வண்டிக்குக் கம்பெனி சொன்ன அளவிலேயே காயில் ஷாக்கப்சர் வாங்கி மாட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள்.